பழைய டிராயிங்கில் ஒரு ஃபினிஷ்: ஜிங்க் பிளேட், அப்புறம் "குரோனா…" என்று ஏதோ. யாருக்காவது தெரியுமா?

பீளமேடு மில்லிங்:
வணக்கம். கோவையில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். பழைய கருவிகளுக்கு உதிரி பாகம் விற்கும் ஒரு அமெரிக்க நிறுவனம் 400 லாட்ச் கிளிப்புக்கு விலை கேட்டிருக்கிறது. டிராயிங் 1957இல் வரைந்தது, கடைசித் திருத்தம் 1966. மைக்ரோஃபிலிமிலிருந்து ஸ்கேன் செய்த நகல் என்பதால் பாதி எழுத்து கசங்கிக் கிடக்கிறது.

மெட்டீரியல் எஸ்ஏஇ 1074 ஸ்பிரிங் ஸ்டீல், ஹார்ட்னஸ் ஆர்சி (ராக்வெல் சி கடினத்தன்மை) 44–48. அளவுகளில் பிரச்சினை இல்லை. ஃபினிஷ் கட்டத்தில்தான் சிக்கல். "ஜிங்க் பிளேட் .0003 மின்" (குறைந்தது .0003 அங்குலம்) வரை தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு "குரோனாக்" அல்லது "குரோனார்", கடைசி எழுத்து நிச்சயமில்லை. அப்புறம் "பெர்" போட்டு ஐந்து இலக்கத்தில் ஒரு எண். அந்த எண்ணை நெட்டில் தேடினால் பேரிங்கும் பெல்ட்டும்தான் வருகிறது.

வரைந்த கம்பெனி இப்போது இல்லை, இரண்டு முறை கை மாறிவிட்டது. வாங்குபவரிடம் கேட்டால் "டிராயிங்படி செய்யுங்கள்" என்று ஒரே வரியில் பதில். உள்ளூர் பிளேட்டர் "யெல்லோ போட்டு அனுப்பிடலாம் சார்" என்கிறார், ஜிங்க் மேல் மஞ்சள் படலம் போடுவதைச் சொல்கிறார். அனுப்பிடலாமா?

ஓசூர்க்காரன்:
ஜிங்க் பிளேட் என்றால் அமெரிக்க அரசின் கியூக்யூ-இசட்-325 ஸ்பெக்தான். கிளாஸ் 2, டைப் 2 என்று போட்டுக் கொடுங்கள், வேலை முடிந்தது.

க்யூசி மேகலா:
கிளாஸ் 2 இங்கே பொருந்தாது. அந்த ஸ்பெக்கில் கிளாஸ் 1 என்பது .0010 அங்குலம், கிளாஸ் 2 .0005, கிளாஸ் 3 .0002. இவர் டிராயிங்கில் இருப்பது .0003. எந்த கிளாஸிலும் உட்காராத எண் இது. அமெரிக்க மத்திய அரசின் ஸ்பெக்கைப் பின்பற்றி எழுதியிருந்தால் இந்த எண் வந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கம்பெனிக்கே சொந்தமான பிராசஸ் ஸ்பெக் ஒன்று இருந்திருக்கும், பின்னால் வரும் ஐந்து இலக்க எண் அதனுடையதாக இருக்கும்.

பீளமேடு சார், இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, டைட்டில் பிளாக்கில் "கோட் ஐடென்ட்" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதா? இரண்டு, அந்த .0003 உண்மையில் 3 தானா? மைக்ரோஃபிலிம் நகலில் 3, 5, 8 மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். அதே டிராயிங்கில் வேறு இடத்தில் உள்ள 3, 5, 8 எழுத்துகளைப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையால் எழுதினாலும் ஸ்டென்சிலில் எழுதினாலும், ஒரே ஆள் வரைந்த படத்தில் எண்ணின் வடிவம் மாறாது.

பீளமேடு மில்லிங்:
பார்த்தேன் மேடம். துளையின் அளவில் 3, 5 இரண்டும் வருகிறது. ஒப்பிட்டால் ஃபினிஷ் கட்டத்தில் இருப்பது 3 தான், சந்தேகமில்லை. கோட் ஐடென்ட் கட்டமும் இருக்கிறது, ஐந்து இலக்கம். அது கம்பெனியின் எண் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

க்யூசி மேகலா:
கம்பெனியின் எண்தான். அதனால்தான் கேட்டேன். அமெரிக்க ராணுவக் கொள்முதலில் உற்பத்தியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறியீடு கொடுத்தார்கள். பழைய படங்களில் கோட் ஐடென்ட், பிறகு எஃப்எஸ்சிஎம், இப்போது கேஜ் கோட். பெயர்தான் மாறியது. டிஃபென்ஸ் லாஜிஸ்டிக்ஸ் ஏஜென்சியின் கேஜ் தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் கம்பெனி மூடப்பட்டதா, அந்தக் குறியீட்டுக்குப் பதிலாக எந்தக் குறியீடு என்று பல சமயம் கிடைக்கும். இன்றைக்கு அந்த டிராயிங்கின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க இதைவிட நேரான வழி இல்லை. உங்களுக்கு ஆர்டர் கொடுப்பவர் வெறும் விற்பனையாளராக இருந்தால், ஃபினிஷை மாற்ற அவருக்கே அதிகாரம் கிடையாது.

சர்ச்ல_கெட்டிக்காரன்:
குரோனார் என்று தேடினேன். டூபான்ட் கம்பெனியின் பாலியெஸ்டர் ஃபிலிம் வருகிறது. பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டச் சொல்கிறார்களோ?

பழைய டிராயிங் பிரியன்:
தம்பி, அது ஃபோட்டோ ஃபிலிமுக்கு அடியில் வரும் பாலியெஸ்டர். அதே குடும்பத்தில் குரோனாஃப்ளெக்ஸ் என்று டிராஃப்டிங் ஃபிலிமும் உண்டு. இந்தக் கிளிப்பின் டிராயிங்கே அதில் வரைந்ததாக இருந்தாலும் ஆச்சரியமில்லை, ஆனால் கிளிப்பின் மேல் யாரும் அதை ஒட்டவில்லை.

கடைசி எழுத்து "க்" தான். குரோனாக். நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனியின் முறை, காப்புரிமை 1936இல் வந்தது. துத்தநாகத்தின் மேல் குரோமேட் படலம் உண்டாக்கும் முறைகளில் வணிக ரீதியாக முதலில் பரவியது இதுதான். லிட்டருக்கு 200 கிராம் அளவில் சோடியம் டைக்ரோமேட், கூடக் கொஞ்சம் கந்தக அமிலம், அறை வெப்பம், சில வினாடி முக்கி எடுத்துக் கழுவினால் மஞ்சளும் வெண்கலமும் கலந்து வானவில் அடிக்கும் படலம் வரும். பிளேட்டிங் செய்த ஸ்டீலுக்கும் போடுவார்கள், ஜிங்க் டை காஸ்டிங்குக்கும் நேரடியாகப் போடுவார்கள். 1940, 50களில் பிறகு வேறு கம்பெனிகள் இரிடைட் போன்ற பெயர்களில் ரெடிமேட் ரசாயனமாக விற்கத் தொடங்கியதும் குரோனாக் என்ற பெயர் மெல்ல மறைந்துவிட்டது. டிராயிங்குகளில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆக இது ஸ்பெக் எண்ணே அல்ல, ஒரு வியாபாரப் பெயர். நகல் எடுப்பதை ஜெராக்ஸ் என்பது மாதிரி. அந்தக் காலத்து டிராஃப்ட்ஸ்மேன்கள் இப்படி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். செம்பு, பித்தளையைக் கறுப்பாக்க எபனால், அலுமினியத்துக்கு அலோடைன், மெக்னீசியத்துக்கு டௌ 7, ஸ்டீலுக்குப் பார்க்கரைஸ், லூப்ரைட். ஸ்பெக் பட்டியலில் தேடினால் எதுவும் கிடைக்காது. பழைய காப்புரிமைகளிலும், இன்டர்நெட் ஆர்க்கைவில் ஸ்கேன் செய்து கிடக்கும் மெட்டல் ஃபினிஷிங் கையேடுகளின் விளம்பரப் பக்கங்களிலும் தேட வேண்டும். விளம்பரப் பக்கம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், கட்டுரைகளை விட அதில்தான் வியாபாரப் பெயரும் அதன் பயனும் ஒரே இடத்தில் இருக்கும்.

ஓசூர்க்காரன்:
அப்போ நான் சொன்ன டைப் 2 சரிதானே! டைப் 2 என்றாலே குரோமேட்தான்.

க்யூசி மேகலா:
டைப் சரி, கிளாஸ் சரியில்லை. இன்னொன்று, கியூக்யூ-இசட்-325 இப்போது ரத்து. அதை ரத்து செய்த அறிவிப்பு ஏஎஸ்டிஎம் என்ற தொழில்துறை ஸ்டாண்டர்டு அமைப்பின் பி633ஐப் பார்க்கச் சொல்கிறது. இதுபோல நூற்றுக்கணக்கில் நடந்தது. 1994இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் வில்லியம் பெரி ஒரு குறிப்பாணை வெளியிட்டார்: ராணுவத்துக்கென்று தனி ஸ்பெக் எழுதுவதைக் குறைத்து, தொழில்துறை ஸ்டாண்டர்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அதற்குப் பிறகுதான் பழைய ஸ்பெக்குகள் எஸ்ஏஇ, ஏஎஸ்டிஎம் பக்கம் வேகமாக இடம் மாறின. காட்மியத்தின் கியூக்யூ-பி-416 முன்னால் ஏஎம்எஸ் சேர்த்துக்கொண்டு எஸ்ஏஇக்குப் போனது. அமெரிக்க ராணுவ ஸ்பெக்குகள் இருக்கும் அசிஸ்ட் தளத்தில் பழைய எண்ணைத் தட்டினால் ரத்து அறிவிப்பு இலவசமாகவே கிடைக்கும். ஸ்பெக்கை விட அந்த ஒற்றைப் பக்க அறிவிப்பைத்தான் நான் முதலில் படிப்பேன்.

பி633இல் 8 மைக்ரான் என்று ஒரு வகுப்பு இருக்கிறது, எஸ்சி2. .0003 அங்குலம் கிட்டத்தட்ட 7.6 மைக்ரான். பிளேட்டிங் தடிமனுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. டைப் 2 நிறமுள்ள குரோமேட், சால்ட் ஸ்ப்ரேயில் 96 மணி நேரம் வெள்ளைத் துரு வரக்கூடாது.

பீளமேடு மில்லிங்:
அருமை. அப்படியானால் எஃப்இ/இசட்என் 8 (ஸ்டீல் மேல் 8 மைக்ரான் ஜிங்க்), டைப் 2, எஸ்சி2 என்று போட்டு விலை கொடுத்துவிடலாம் இல்லையா?

அம்பத்தூர் பிளேட்டர்:
நில்லுங்க சார். எல்லாரும் நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆர்சி 44–48 ஸ்பிரிங் ஸ்டீல் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறீர்கள். டிராயிங்கில் பேக்கிங் (பிளேட்டிங்குக்குப் பிறகு அவன் அடுப்பில் சூடாக்குவது) பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா?

பீளமேடு மில்லிங்:
பேக்கிங் என்று எதுவும் இல்லை. ஹீட் ட்ரீட்மென்ட் நோட், ஃபினிஷ் நோட், அவ்வளவுதான்.

அம்பத்தூர் பிளேட்டர்:
அதுதான் பயம். அந்த ஐந்து இலக்க ஸ்பெக்கில் இருந்திருக்கும், அது தொலைந்துபோயிற்று.

இளைய நண்பர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆசிட்டில் பிக்ளிங் செய்யும்போதும் பிளேட்டிங் தொட்டியில் கரண்ட் கொடுக்கும்போதும் ஹைட்ரஜன் உண்டாகி ஸ்டீலுக்குள் புகும். மைல்ட் ஸ்டீல் தாங்கிக்கொள்ளும். 40க்கு மேல் ஆர்சி உள்ள பாகம் தாங்காது. பார்க்க அழகாக இருக்கும், அளவு சரியாக இருக்கும், இன்ஸ்பெக்ஷனில் தேறும், பெட்டியில் போகும். வாங்கியவர் மாட்டி இழுவிசையில் நிறுத்திய பிறகு, சில மணி நேரமோ சில நாளோ கழித்து, யாரும் தொடாமலே டக்கென்று உடையும். லாட்ச் கிளிப் என்றால் வேலையே வளைந்து விசையில் நிற்பதுதான்.

இதற்கு மருந்து பேக்கிங். பிளேட்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் 190 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் அவனில் வைக்க வேண்டும். பழைய ஃபெடரல் ஸ்பெக்குகள் 3 மணி நேரம் போதும் என்றன. இப்போதைய ஏஎஸ்டிஎம் பி850 அட்டவணையைப் பார்த்தால் இந்த ஹார்ட்னஸுக்கு 15 மணி நேரத்தைத் தாண்டும். அவ்வளவு நேரம் அவனை ஓட்டினால் என் கரண்ட் பில் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், அதை விலையில் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து பிளேட்டர் "யெல்லோ போட்டு அனுப்பிடலாம்" என்று சொன்ன விலையில் இது நிச்சயம் இல்லை.

இன்னொரு கண்ணி இருக்கிறது. வரிசை மாறக்கூடாது. ஹெக்ஸா (ஆறு இணைதிற குரோமியம்) குரோமேட் படலம் ஈரம் கொண்ட படலம். 60 டிகிரியைத் தாண்டிச் சூடாக்கினால் காய்ந்து நுண்ணிய வெடிப்பு விடும், துரு தாங்கும் சக்தி போய்விடும். அதனால் முதலில் பிளேட்டிங், உடனே பேக்கிங், ஆறிய பிறகு நீர்த்த நைட்ரிக்கில் ஒரு முக்கு, அப்புறம்தான் குரோமேட். யெல்லோ போட்டு முடித்த பிறகு "ஐயோ பேக்கிங் மறந்துட்டோம்" என்று அவனில் தள்ளும் ஷாப்புகளை நான் பார்த்திருக்கிறேன். சான்றிதழில் பேக்கிங் செய்ததாக உண்மையாகவே இருக்கும், பாகம் மட்டும் வீண்.

சர்ச்ல_கெட்டிக்காரன்:
பிளேட்டிங்கே வேண்டாம், வேறு வழி இல்லையா?

அம்பத்தூர் பிளேட்டர்:
மெக்கானிக்கல் பிளேட்டிங் இருக்கிறது, ஏஎஸ்டிஎம் பி695. கண்ணாடி மணிகளோடு துத்தநாகத் தூளைப் போட்டு டிரம்மில் உருட்டுவது. கரண்ட் கிடையாது என்பதால் ஹைட்ரஜன் ஆபத்து மிகவும் குறைவு, ஸ்பிரிங் கிளிப், வாஷர் எல்லாம் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அதுவும் டிராயிங்கை மாற்றுவதுதான், எழுதி வாங்காமல் செய்ய முடியாது. பிக்ளிங்கை மட்டும் தவிர்த்து, லேசாக பிளாஸ்டிங் செய்து சுத்தம் பண்ணச் சொல்லலாம். அதற்கு யாரும் மறுப்பு சொல்ல மாட்டார்கள்.

ஓசூர்க்காரன்:
ஹெக்ஸா இப்போது யார் சார் போடுகிறார்கள்? எங்கள் பக்கம் எல்லாம் மூன்று இணைதிற குரோமியம், அதாவது ட்ரைவேலன்ட்தான்.

அம்பத்தூர் பிளேட்டர்:
போடுபவர்கள் இருக்கிறார்கள். என்னிடம் இல்லை. எலக்ட்ரோபிளேட்டிங் சிவப்புப் பட்டியல் தொழில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியும் கழிவுநீர் சுத்திகரிப்பும் ஏற்கெனவே கழுத்தை நெரிக்கின்றன. ஹெக்ஸா புற்றுநோய் உண்டாக்கும் பொருள் வேறு. தொட்டியருகே நிற்பது நம் பையன்கள்தானே.

பழைய டிராயிங் பிரியன்:
பீளமேடு சார், இங்கேதான் நீங்கள் முடிவெடுக்கக்கூடாத இடம் வருகிறது. குரோனாக் என்றால் வரலாற்றுப்படி ஹெக்ஸா. அதை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் டைப் 2. அந்தக் கருவி மின்சாரக் கருவியாக இருந்து ஐரோப்பாவுக்கும் போகிறது என்றால் ஆபத்தான பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பாவின் ரோஸ் விதி குறுக்கே வரும், ஒரே சீரான பொருளில் எடைக்கு 0.1 சதவீதம்தான் ஹெக்ஸா குரோமியம் இருக்கலாம். அமெரிக்காவுக்குள்ளேயே தங்குகிறது என்றால் அந்தக் கேள்வி வேறு. இரண்டில் எது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பி633இல் ட்ரைவேலன்டுக்கும் இடம் உண்டு: டைப் 5 நிறமற்றது, டைப் 6 நிறமுள்ளது.

வாங்குபவரிடம் "குரோனாக் என்றால் என்ன?" என்று கேட்காதீர்கள். கொள்முதல் பிரிவில் இருப்பவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை, "டிராயிங்படி" என்றுதான் மறுபடியும் வரும். அவர் ஆமாம், இல்லை என்று சொல்லும்படி கேட்க வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஃபினிஷ் குறிப்பில் உள்ள கம்பெனி ஸ்பெக் எங்களிடம் இல்லை, அனுப்ப முடியுமா? முடியாவிட்டால், ஏஎஸ்டிஎம் பி633, எஃப்இ/இசட்என் 8, டைப் 6, எஸ்சி2, பிளேட்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் பி850படி பேக்கிங், அதன் பிறகு பாசிவேஷன் (குரோமியப் படலம்) என்று செய்ய முன்மொழிகிறோம். டைப் 2 கட்டாயம் என்றால் தெரிவிக்கவும், விலையும் காலமும் மாறும். டிசைன் உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வந்த பிறகே தொடங்குவோம்."

டிசைன் உரிமையாளர் என்ற சொல்லை எடுத்துவிடாதீர்கள். அதைப் பார்த்ததும்தான் அந்த மின்னஞ்சல் இன்ஜினியரிங் பக்கம் நகரும்.

க்யூசி மேகலா:
அதோடு ஒரு வரி: அளவுகள் பிளேட்டிங்குக்கு முன்பா, பின்பா? பழைய படங்களில் இதற்கும் கம்பெனி ஸ்பெக்கில்தான் பதில் இருக்கும்.

பீளமேடு மில்லிங்:
எல்லாருக்கும் நன்றி. பிரியன் சார் எழுதியதை அப்படியே மொழிபெயர்த்து, மேகலா மேடம் சொன்ன வரியையும் சேர்த்து அனுப்பினேன். கேஜ் தளத்தில் கிடைத்த இப்போதைய உரிமையாளரின் பெயரையும் குறிப்பிட்டேன். இந்த முறை ஒரு இன்ஜினியர் பதில் போட்டிருக்கிறார். அந்தக் கம்பெனி ஸ்பெக் அவர்களிடமும் இல்லையாம். கருவி ஐரோப்பாவுக்கும் போகிறது, அதனால் டைப் 6 சம்மதம். பேக்கிங் கட்டாயம், அவன் சார்ட் நகலும் ஒவ்வொரு லாட்டிலும் ஐந்து கிளிப்பை வளைத்து நிறுத்தி வைத்த சோதனை முடிவும் வேண்டுமாம். அளவுகள் பிளேட்டிங்குக்குப் பின்.

அந்தக் கடைசி வரிதான் இடிக்கிறது. கம்பிப் பின் நுழையும் துளை .1250, பிளஸ் .0010, மைனஸ் பூஜ்யம். .0003 இரண்டு பக்கமும் ஏறினால் .0006 சுருங்குமே?

அம்பத்தூர் பிளேட்டர்:
துளைக்குள் அவ்வளவு ஏறாது. கரண்ட் உள்ளே குறைவாகத்தான் போகும். வெளியே 8 மைக்ரான் வைத்தால் இந்த அளவுத் துளைக்குள் அதில் பாதி வந்தாலே அதிகம், வாய் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தடிக்கும். பேரலில் (உருளும் டிரம்மில்) போடுவதா, ராக்கில் (தனித்தனியாக மாட்டி) போடுவதா என்பதைப் பொறுத்தும் மாறும். ஸ்பிரிங் கிளிப் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும், நான் ராக்தான் சொல்வேன்.

க்யூசி மேகலா:
பி633படி தடிமன் பார்க்க வேண்டியது முக்கியப் பரப்பில் மட்டும். வேறு குறிப்பு இல்லாவிட்டால் 20 மில்லிமீட்டர் உருண்டை தொடக்கூடிய பரப்பு. எட்டில் ஒரு அங்குலத் துளையின் உட்புறத்தை அந்த உருண்டை தொடாது, அதனால் உள்ளே 8 மைக்ரான் இல்லை என்று யாரும் நிராகரிக்க முடியாது. துளையை .1255 முதல் .1259க்குள் ரீம் செய்யுங்கள் (ரீமரால் துல்லியமாக அகலப்படுத்துங்கள்), முதலில் பத்து கிளிப்பை மட்டும் பிளேட்டிங், பேக்கிங், பாசிவேஷன் முழுவதும் முடித்து, கோ / நோ-கோ பின் கேஜ் போட்டுப் பாருங்கள். ரீமர் அளவை அதன் பிறகு உறுதி செய்யலாம்.

ஓசூர்க்காரன்:
ஹார்ட்னிங்குக்கு முன்னால் ரீம் பண்ணணும் சார், ஆர்சி 46இல் ரீமர் போட்டால் ரீமர்தான் போகும். ஹீட் ட்ரீட்மென்டில் துளை எவ்வளவு அசைகிறது என்பதையும் அந்தப் பத்திலேயே அளந்துவிடுங்கள்.

பீளமேடு மில்லிங்:
சரி. பத்து கிளிப் திங்கட்கிழமை ஹீட் ட்ரீட்மென்டுக்குப் போகிறது. அம்பத்தூர் சார், 190 டிகிரியில் பி850 அட்டவணை சொல்லும் நேரம் முழுவதும் என்று போட்டு ஒரு கொட்டேஷன் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நிறத்துக்கு ஒரு சாம்பிளும் வேண்டும். ட்ரைவேலன்ட் மஞ்சள் பழைய வெண்கல நிறத்தில் இருக்காது என்று அவர்களுடைய இன்கமிங் இன்ஸ்பெக்ஷனுக்கு முன்கூட்டியே காட்டி, கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.